சின்ன ஓட்டை

இந்தக் கரையில் மரம் முளைப்பதில்லை,
வந்து சேர்கிறது.
சைபீரிய ஆறு ஒன்றில் கை நழுவிய லார்ச்
ஐந்தாறு வருடம் பனிக்கட்டியோடு அலைந்துவிட்டு
ஐஸ்லாந்தின் இந்த மூலையில்,
எங்கள் கருங்கற்களின் மேல் படுத்திருக்கும்,
பட்டை உரிந்து, உப்பு ஏறி,
அனுப்பியவர் பெயரில்லாத பார்சல் மாதிரி.
கரை பண்ணையோடு சேர்ந்தது, ஆகவே மரம் எங்களுடையது.
உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும்
யாரும் பொறுப்பில்லை.

அதனால் முதலில் கம்பி பிரஷ்.
பிறகு காந்தத்தால் அங்குலம் அங்குலமாக ஒரு தடவல்.
போன வருடம் ஒரு ஆணி அகப்பட்டது,
நான்கு பட்டை, யாரோ கையால் அடித்தது.
ரம்பப் பல்லில் பட்டிருந்தால்
கொட்டகையே பறந்திருக்கும் என்றான் தோர்கிரீமுர்.
என் கணவனுக்கு எல்லாமே பெரிதாகத்தான் நடக்கும்.

மேஜை ரம்பம் மீன் தொழிற்சாலை ஏலத்தில் எடுத்தது.
ஈரமான நாளில் இன்றும் ஹெர்ரிங் வாடை.
இன்று ஈரமில்லை, மைனஸ் எட்டு.
கம்பளிக் கையுறையைக் கழற்றுகிறேன்.
விரல் விறைக்கும். விறைக்கட்டும்.
பல் விரலைத் தொட்டால் விரல் போகும்,
கையுறையைத் தொட்டால் கையே போகும்.
ஸ்வெட்டரை முழங்கைக்கு மேல் ஏற்றுகிறேன்.
வட்டை மாற்றும்போது
பிளக்கைப் பிடுங்கி என் கண்ணெதிரே வைத்துக்கொள்கிறேன்.
சுவிட்சை நம்புவதற்கில்லை,
ஒருமுறை ஆட்டுக்கடா முட்டியே அது ஓடியிருக்கிறது.

மே மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.
காடி வெட்டுவதற்காகப் பிளவுக்கத்தியைக் கழற்றியது நான்.
அதைச் சுவரில் மாட்டியதும் நான்.
மறுநாள் நீளப் பலகை அறுக்கும்போது
அது சுவரிலேயே இருந்தது.
பார்த்தேன். பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

எங்கோ ஒரு சரிவில்
எழுபது வருடம் காற்றை எதிர்த்து முறுக்கிக்கொண்டு நின்ற மரம்,
பாதி அறுத்ததும்
முறுக்கை விட்டது.
இரண்டு பாதியும் சேர்ந்து வட்டைக் கவ்வின.
சத்தம் முன்பா, பலகை முன்பா, தெரியவில்லை.
நான் இடப்பக்கம் நின்றிருந்தேன்.
சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம், பழக்கம்.

இசாஃப்யோர்துர் பயிற்சி வகுப்பில்
வட்டுக்கு நேர் பின்னே தரையில் சிவப்பு டேப் ஒட்டி
இந்தக் கட்டத்துக்குள் யாரும் வேண்டாம் என்றார்கள்.
வந்து நானும் ஒட்டினேன்.
தோர்கிரீமுர் சிரித்தான்.
தினமும் பத்து மணிக்கு அந்தக் கட்டத்துக்குள் நின்றுதான்
காபி குடித்தான், எனக்காகவே.
அன்று பத்து மணிக்கு
ஒரு ஆடு தலைச்சன் குட்டியை ஈன முடியாமல் கத்தியது.
அவன் அங்கே இருந்தான்.

பலகை தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு
பாதி வெளியே நின்றது.
முழங்கை வரை ரத்தமும் ஈரமுமாக வந்தவன்
அதை உருவிப் போட்டான்.
துளைக்கு முன்னால் நின்றான்,
கோப்பையைப் பிடிக்கும் உயரத்தில் கையை வைத்துப் பார்த்தான்.
வெகுநேரம் கழித்து,
"ஸ்வன்ஹில்துர்," என்றான்,
"சின்ன ஓட்டைதான்."

மூன்று இரவு அவன் தூங்கவில்லை.
நான்காம் நாள் அந்தத் துளைக்கு
அவனே சட்டம் போட்டுக் கண்ணாடி பதித்தான்.

இப்போது பிளவுக்கத்தி அதன் இடத்தில்.
பல் பலகைக்கு மேலே ஒரு நகக்கண் அளவு எட்டிப் பார்க்கிறது,
அதற்கு மேல் வேண்டாம்.
கடைசி ஒரு சாண் தூரத்தைத்
தள்ளுகட்டையிடம் கொடுத்துவிடுகிறேன்.
முடிந்ததும் அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
நின்றதுபோல் தெரியும், நின்றிருக்காது.
காதைக் கேட்க வேண்டும்.

தோர்கிரீமுர் வாசல் பக்கம் நின்று காபி குடிக்கிறான்.
கட்டத்தைச் சுற்றித்தான் நடக்கிறான்,
ரம்பம் ஓடாத நாளிலும்.

பிப்ரவரியில் சூரியன் மலையைத் தாண்டத் தொடங்கியதும்
மதியம் அந்தக் கண்ணாடி வழியாக
ஒரு துண்டு வெயில் உள்ளே வருகிறது,
நேராகச் சிவப்பு டேப்புக்குள் விழுகிறது.
கொட்டகையில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான்.
பூனை போய்ப் படுத்துக்கொள்கிறது.

அதைத் தூக்கி வெளியே விட்டு,
கதவைத் தாழிட்டு வந்து,
பிறகுதான் சுவிட்ச்.